ரோமில் ஏழு நாள்: முதலில் எதை விடுவது?



வெளிநாட்டுப் பயணம் என்று பேச்சு எழுந்ததும் நம்மவர்கள் வீட்டில் முதலில் எழுதப்படுவது ஒரு பட்டியல். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல். கிள்ளானில் ஒரு வீட்டில் அப்படி எழுதிய பட்டியலில் 42 இடங்கள் இருந்தன. 2025-ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் பள்ளி விடுமுறை. ஏழு இரவுகள். நாடு இத்தாலி. பட்டியலைத் தயாரித்தவர் மகள், துணைக்கு மருமகன். பணம் போட்டவர் அப்பா. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர், வயது 68. பணிக்கொடையில் இருந்து தொடாமல் ஒதுக்கி வைத்திருந்த தொகை அது. இன்னொரு முறை இப்படிப் போய்வர அந்த வீட்டில் பணமும் கிடையாது, அம்மாவின் முழங்காலில் தெம்பும் கிடையாது. இந்த ஒரே தடவைதான் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் பட்டியல் 42 ஆக வளர்ந்தது.

ஒரே தடவை என்பதால் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று மகள் நினைத்தார். ஒரே தடவை என்பதால் எதையும் அரைகுறையாகப் பார்க்கக் கூடாது என்று அப்பா நினைத்தார். இரண்டும் நியாயமான பேச்சுதான். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு வாரப் பயணத்தின் திட்டமே இருக்கிறது.

மகளின் முதல் திட்டம் இப்படி இருந்தது. முதலில் ரோம். அங்கிருந்து புளோரன்ஸ், வழியில் பிசா கோபுரம், ஓர் இரவு. பிறகு வெனிஸ். மறுபடியும் ரோம், ஓர் இரவு, விமானம். தாளில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. ரோமில் இருந்து புளோரன்சுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். புளோரன்சில் இருந்து வெனிசுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். வெனிசில் இருந்து ரோமுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஆனால் ரயிலில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டுமா பயணம்? காலையில் ஐந்து பேரின் பெட்டிகளைக் கட்ட வேண்டும். விடுதிக் கணக்கை முடிக்க வேண்டும். நிலையத்துக்குப் போய், நடைமேடை எண் வரும்வரை பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அடுத்த ஊரில் இறங்கினால் அறை பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். ஒரு முறை விடுதி மாறினால் அரை நாள் போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று முறை மாறினால் ஒன்றரை நாள். ஏழு நாளில் ஒன்றரை நாளைப் பெட்டி இழுப்பதற்கே கொடுத்துவிட்டால், மீதம் இருப்பது என்ன?

வெனிசையும் பார்த்தே தீர வேண்டும் என்பவர்கள் வெனிசில் இறங்கி ரோமில் இருந்து திரும்பும்படி விமான டிக்கெட் எடுப்பது நல்லது. போன வழியே திரும்பும் நேரமாவது மிஞ்சும். இந்தக் குடும்பம் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டது. இறங்குவதும் ஏறுவதும் ரோம். ஆகவே அப்பா சொன்னார்: “ரோம் மட்டும் போதும்மா.”

மருமகன் முகம் வாடிவிட்டது. மகள், “அவ்வளவு தூரம் போயிட்டு ஒரே ஊரா பா?” என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. வீட்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டார். ஒன்றே ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் எது?

பதினொரு வயதுப் பேத்தி யோசிக்கவே இல்லை, கொலோசியம் என்றாள். மகளுக்குப் பொர்கேசே கலைக்கூடம். அங்கே பெர்னினி செதுக்கிய சிலைகளைக் கல்லூரிக் காலத்தில் இருந்தே பார்க்க ஆசை. மருமகனுக்குப் புளோரன்சில் உள்ள தாவீது சிலை. அப்பாவுக்கு ரோமன் ஃபோரம். பழைய ரோமாபுரியின் நடுச்சந்தையும் நீதிமன்றமும் கோயில்களும் இருந்த இடம். அம்மா என்ன சொன்னார்? எல்லா அம்மாக்களும் சொல்வதைத்தான் சொன்னார். “எனக்கென்ன, நீங்க கூட்டிட்டுப் போற இடம் பார்த்தா போதும்.”

இந்தப் பதிலை வாங்கிக்கொண்டு எழுந்துவிடுபவர்கள் பலர். பயணத்தின் பாதிச் சண்டைகளுக்கு வித்து அங்கேதான் விழுகிறது. அப்பா எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை கேட்டார், மூன்றாம் முறையும் கேட்டார். அப்புறம்தான் வந்தது. தோட்டத்து லயத்து வீட்டில், அம்மாவின் அம்மா சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார். இறந்த இயேசுவை மாதா மடியில் கிடத்தியிருக்கும் சிலையின் படம். பழைய நாட்காட்டியில் இருந்து வெட்டிச் சட்டம் போட்டது. தோட்டத்தை விட்டு வெளியேறியபோது அது எங்கோ போய்விட்டது. “அந்தச் சிலை ரோம்லதானே இருக்கு?” என்று கேட்டார்.

அந்தச் சிலைக்குப் பியேத்தா என்று பெயர். மைக்கலேஞ்சலோ இருபத்து நான்கு வயதளவில், 1499-இல் செதுக்கி முடித்தது. அவர் தம் பெயரைப் பொறித்த ஒரே சிலை அது. மாதாவின் மார்புக்குக் குறுக்கே ஓடும் பட்டையில் பெயர் இருக்கிறது. வத்திக்கானில் புனித பேதுரு பேராலயத்துக்குள் நுழைந்ததும் வலப்பக்கம் முதல் சிற்றாலயத்தில் வைத்திருக்கிறார்கள். 1972-இல் ஒருவன் சுத்தியலோடு பாய்ந்து அடித்ததில் மாதாவின் இடது கையும் மூக்கும் உடைந்தன. சீர்செய்த பிறகு கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள்.

இப்போது 42 இடங்களுக்குப் பதிலாக ஐந்து. மகளின் பழைய திட்டத்தில் இந்த ஐந்தும் எங்கே இருந்தன என்று பார்த்தபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. பேதுரு பேராலயம் புதன்கிழமை காலையில் இருந்தது. புதன் காலையில் போப்பாண்டவர் பொதுமக்களைச் சந்திப்பது வழக்கம். சதுக்கம் நிரம்பிவிடும், அது முடியும்வரை பேராலயத்துக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிற்றுக்கிழமை இருந்தது. மாதத்தின் கடைசி ஞாயிறைத் தவிர மற்ற ஞாயிறுகளில் அது மூடியிருக்கும். பொர்கேசே திங்கட்கிழமை. அதுவும் திங்களில் விடுமுறை. எல்லாம் சிரமப்பட்டுப் போட்ட திட்டம்தான். வரைபடத்தில் எது எதற்கு அருகில் என்று பார்த்துப் போட்டது. கிழமையைப் பார்க்காமல் போட்டது. அப்படியே போயிருந்தால், அம்மா கேட்ட அந்த ஒன்று, பூட்டிய கதவாகப் போயிருக்கும்.

முப்பது ஆண்டு பாடம் நடத்திய அந்த ஆசிரியர், அதில் பாதிக் காலம் பள்ளியின் கால அட்டவணையையும் போட்டவர். அட்டவணை போடத் தெரிந்தவர்கள் முதலில் பாடங்களை எழுதுவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வரும் ஆசிரியர் எந்த நாளில் வருகிறார், சபைகூடல் எப்போது, திடல் எப்போது கிடைக்கும் என்று நகர்த்த முடியாதவற்றை முதலில் கட்டத்தில் போடுவார்கள். பிறகு கணிதத்தைக் காலையில் வைப்பார்கள். கணிதத்தை அடுத்து இன்னொரு கடினமான பாடத்தை வைக்க மாட்டார்கள். ஓய்வு வேளையை எடுத்து எந்தப் பாடத்துக்கும் கொடுக்க மாட்டார்கள். அப்பா ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஏழு கட்டம் கிழித்தார்.

நகர்த்த முடியாதவை அந்த வாரத்தில் ஏராளம். சனிக்கிழமை மே 31 இறங்குகிறார்கள். ஜூன் 1 மாதத்தின் முதல் ஞாயிறு; இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் அன்று நுழைவு இலவசம். இலவசம் என்றதும் மகிழ்ச்சிதான், ஆனால் கொலோசியத்தில் அன்று வரிசை எவ்வளவு நீளும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். 2025 கத்தோலிக்கர்களின் யூபிலி ஆண்டும்கூட. அதே ஞாயிறு, குடும்பங்களுக்கான யூபிலி திருப்பலி பேதுரு சதுக்கத்தில். ஜூன் 2 இத்தாலியின் குடியரசு நாள். கொலோசியத்தை ஒட்டிய பெருஞ்சாலையில் இராணுவ அணிவகுப்பு, சாலைகள் மூடல். மலேசியப் பள்ளிகளுக்கும் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் ஆண்டின் நடுவில் வரும் விடுமுறை அடிக்கடி இந்த நாளைத் தொட்டுக்கொண்டே வருகிறது. அதனால் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. ஜூன் 29 புனித பேதுரு, பவுல் திருநாள். அது ரோம் நகருக்கே விடுமுறை. ஜூன் கடைசியில் போகும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் அதையும் பார்க்க வேண்டும்.

குடியரசு நாள் இத்தாலிக்குத்தான். வத்திக்கான் தனி நாடு. ஆகவே திங்கட்கிழமை, ஜூன் 2, பேராலயம் என்று அப்பா போட்டார். ஊரே ஆற்றின் அந்தப் பக்கம் அணிவகுப்புப் பார்க்கப் போயிருக்கும்போது இந்தப் பக்கம் வேலையை முடித்துவிடலாம் என்பது கணக்கு. செவ்வாய் காலை கொலோசியம். புதன் காலை ஃபோரம். வியாழன் காலை வத்திக்கான் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமையில் அவர் ஒன்றும் எழுதவில்லை.

கொலோசியமும் ஃபோரமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை, ஒரே டிக்கெட்தான், ஏன் இரண்டு நாள் என்று மகள் கேட்டார். அந்த 18 யூரோ டிக்கெட் 24 மணி நேரம் செல்லும். கொலோசியத்துக்குள் குறித்த நேரத்தில் நுழைய வேண்டும். ஃபோரத்தையும் அதை ஒட்டிய பாலட்டைன் குன்றையும் அந்த 24 மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். செவ்வாய் பத்தரை மணிக்கு ஒன்று, மறுநாள் ஒன்பது மணிக்கு மற்றது என்று பிரித்தால் டிக்கெட்டும் வீணாகாது, முழங்காலும் தப்பும். இரண்டையும் ஒரே நாளில் முடிப்பவர்கள் பிற்பகலில் ஃபோரத்தின் கற்களுக்கு நடுவே நிழலைத் தேடி நிற்பதை அங்கே போனவர்கள் பார்த்திருப்பார்கள். நிழல் அங்கே குறைவு.

காலை நேரத்தைப் பற்றி இன்னொன்று. கோடைக்காலத்தில் ரோம் நம் நேரத்துக்கு ஆறு மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கிருந்து போகிறவர்களுக்கு முதல் மூன்று நாள் விடியற்காலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். மாலை நான்கு மணிக்கு உடம்பு படுக்கையைக் கேட்கும், ஏனென்றால் கிள்ளானில் அப்போது இரவு மணி பத்து. இதை எதிர்த்து மல்லுக்கட்டுகிறவர்கள் அதிகம். அதோடு ஒத்துப்போய்விடுவது சுலபம். ஐரோப்பாவில் இருந்து வந்த பயணிகள் தூங்கிக்கொண்டிருக்கும் காலை ஆறு மணி, ஆசியாவில் இருந்து போனவர்களுக்குச் சொந்தமான நேரம். பகலில் கால் வைக்க இடமில்லாத திரெவி நீரூற்றை அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்.

தங்கும் விடுதி விஷயத்திலும் அந்த முழங்கால்தான் தீர்ப்புச் சொன்னது. டெர்மினி ரயில் நிலையத்தைச் சுற்றி மலிவான விடுதிகள் நிறைய. விமான நிலையத்தில் இருந்து நேர் ரயில் 32 நிமிடத்தில் அங்கே வந்துவிடும். பலர் அங்கேதான் தங்குகிறார்கள், தவறில்லை. ஆனால் பேராலயத்துக்குக் காலை ஏழு மணிக்குப் போக வேண்டும் என்றால் நடந்து போகும் தூரத்தில் இருப்பதே மேல் என்று பிராத்தி என்ற பகுதியில் அறை எடுத்தார்கள். வத்திக்கானுக்குப் பக்கம், ஒத்தாவியானோ நிலத்தடி ரயில் நிலையமும் அருகில். பதிவு செய்யுமுன் மகள் இரண்டு கேள்வி எழுதிக் கேட்டார். மின்தூக்கி இருக்கிறதா? குளிரூட்டி இருக்கிறதா? ரோமின் பழைய கட்டடங்களில் இந்த இரண்டும் இருந்தே ஆக வேண்டும் என்று எண்ணிவிடக் கூடாது. அறை வாடகை போக, நகர வரி என்று ஒன்று தனியாகக் கட்ட வேண்டும். மூன்று நட்சத்திர விடுதியில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ. அதையும் கணக்கில் சேர்க்காமல் போய்க் கடைசி நாளில் முழிக்கிறவர்கள் உண்டு.

அடுத்தது டிக்கெட். கொலோசியத்தின் அதிகாரபூர்வ அகப்பக்கத்தில் 30 நாளுக்கு முன்புதான் விற்பனை திறக்கும். திறந்த உடனே நல்ல நேரங்கள் போய்விடும். 2023 அக்டோபர் முதல் ஒவ்வொரு டிக்கெட்டிலும் பெயர் போட வேண்டும். வாசலில் கடப்பிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இங்கேதான் மலேசியத் தமிழர்களுக்கு ஒரு சங்கடம். படிவத்தில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டே கட்டம். நமக்கோ நடுவில் ஏ/எல், ஏ/பி. சாய்வுக்கோட்டைக் கணினி ஏற்க மறுக்கும். மகள் அன்று இரவு பன்னிரண்டு மணிவரை அதோடு போராடினார். கடைசியில் ஏ/எல், ஏ/பி இரண்டையும் விட்டுவிட்டு, தம் பெயரை முதல் கட்டத்திலும் தந்தை பெயரை இரண்டாவதிலும், கடப்பிதழில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில், எல்லோருக்கும் ஒரே மாதிரி போட்டார். வாசலில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. விமான டிக்கெட்டில் எப்படிப் போட்டீர்களோ அதே முறையை எல்லா இடத்திலும் கடைப்பிடிப்பது நல்லது.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இத்தாலியின் அரசு இடங்களில் கட்டணம் இல்லை. ஆனாலும் கொலோசியத்துக்குப் பேத்தியின் பெயரிலும் டிக்கெட் பதிவு செய்தாக வேண்டும். இலவசம்தானே என்று விட்டுவிட்டால் வாசலில் பிள்ளை மட்டும் வெளியே நிற்கும். வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அங்கே மாணவருக்குக் குறைந்த கட்டணம் உண்டு, முன்பதிவுக்குத் தனியாக 5 யூரோ. பொர்கேசேயில் முன்பதிவு இல்லாமல் நுழையவே முடியாது, இரண்டு மணி நேரம்தான் உள்ளே இருக்கலாம். பேதுரு பேராலயத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை, பாதுகாப்புச் சோதனை வரிசை மட்டும். கொலோசியத்தின் எதிரே நின்று வரிசையைத் தாண்டிக் கூட்டிப் போகிறேன் என்பவர்களிடம் பணம் கொடுத்து ஏமாறுவது வேண்டாம். 2025-இல் மலேசியர்களுக்கும் சிங்கப்பூரர்களுக்கும் குறுகிய காலப் பயணத்துக்கு விசா தேவைப்படவில்லை. இனிப் போகிறவர்கள், ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்துள்ள ஈட்டியாஸ் என்ற முன் அனுமதி, தாங்கள் புறப்படும் தேதியில் தேவையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

காலணி பற்றி ஒரு வார்த்தை. ரோமின் பழைய தெருக்களில் பதித்திருப்பது சின்னச் சின்னக் கருங்கற்கள். மேடும் பள்ளமுமாக, இடையில் இடைவெளி விட்டு இருக்கும். சேலைக்குச் செருப்புத்தான் போடுவேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார். பேத்தி கடைக்கு அழைத்துப் போய் விளையாட்டுக் காலணி வாங்கிக் கொடுத்து, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே மாலையில் கூட நடக்க வைத்தாள். சேலைக்குக் கீழே வெள்ளைக் காலணி. ரோமில் அதை யார் பார்க்கிறார்கள்? கையில் ஒரு காலிப் போத்தல் இருந்தால் போதும். தெருவோரக் குழாய்கள் சுமார் 2,500 இருக்கின்றன, 1874-இல் இருந்து ஊரில் இருப்பவை. குடிக்கத் தகுந்த குளிர்ந்த நீர் எந்நேரமும் வந்துகொண்டே இருக்கும்.

பயணம் எப்படிப் போனது?

சனிக்கிழமை எதுவும் பார்க்கவில்லை. விடுதித் தெருவிலேயே நடந்து, எடை போட்டு வெட்டிக் கொடுக்கும் பீட்சா வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார்கள். ஞாயிறு மாலை நவோனா சதுக்கமும் அதன் அருகில் ஒரு பிரெஞ்சு ஆலயமும். அந்த ஆலயத்தில் கரவாஜியோ தீட்டிய மூன்று மத்தேயு ஓவியங்கள் இருக்கின்றன, பார்க்கக் கட்டணமே இல்லை. ரோமின் ஆலயங்கள் பல நண்பகலுக்கு மேல் மூடி, மூன்று நான்கு மணிக்குத்தான் மறுபடியும் திறக்கின்றன. அப்பாவின் ஓய்வு வேளைக்கு அது வசதியாகப் போய்விட்டது.

திங்கட்கிழமைதான் கணக்குத் தவறியது. ஊர் அணிவகுப்புப் பார்க்கப் போயிருக்கும் என்பது உள்ளூர்க்காரர்களுக்குச் சரி. யூபிலிக்காக உலகம் முழுவதும் இருந்து வந்த யாத்திரிகர்கள் எந்த அணிவகுப்புக்குப் போவார்கள்? ஏழு மணிக்கே வரிசை சதுக்கத்தின் தூண்களைச் சுற்றி நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று உள்ளே போனபோது, யூபிலிக்காகத் திறந்திருந்த புனிதக் கதவின் வழியே குழு குழுவாக ஆட்கள். பியேத்தா அந்தக் கதவை ஒட்டித்தான் இருக்கிறது. கண்ணாடிக்கு முன்னால் நாலைந்து அடுக்காகத் தலைகள், தலைகளுக்கு மேல் கைத்தொலைபேசிகள். அம்மா உயரம் குறைந்தவர். சிலையில் மாதாவின் முக்காடு மட்டும் தெரிந்தது. ஐந்து நிமிடம் நின்றார். பின்னால் வந்த கூட்டம் நகர்த்தியது. “பார்த்தாச்சு, போகலாம்,” என்றார். கால் வலித்திருக்க வேண்டும். அன்று பிற்பகல் மகள் யாரிடமும் பேசவில்லை.

செவ்வாய் பேத்தியின் நாள். கொலோசியம் வெஸ்பாசியன் காலத்தில் தொடங்கி, மகன் தீத்து காலத்தில் கி.பி. 80-இல் திறக்கப்பட்டது, ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் உட்காரக்கூடியது. அங்கே மேல்தளத்துக்கு மின்தூக்கி இருக்கிறது, நடக்க முடியாதவர்கள் கேட்டால் காட்டுவார்கள். கேட்கக் கூச்சப்பட்டு படியேறிவிட்டு மறுநாள் படுத்துக்கொள்வதில் லாபமில்லை.

புதன் காலை ஃபோரம். அப்பா நேராகப் போய் நின்ற இடம், பலரும் பாதி களைத்துப் போய்த் தாண்டிவிடும் ஒரு பெரிய இடிபாடு. மூன்று மாபெரும் வளைவுகள் மட்டும் நிற்கின்றன. மாக்சென்சியுஸ் தொடங்கி, 312-க்குப் பிறகு கான்ஸ்டன்டைன் கட்டி முடித்த மண்டபம். அது எழும்புவதற்கு முன் அந்த நிலத்தில் என்ன இருந்தது தெரியுமா என்று பேத்தியைக் கேட்டார். மிளகுக் கிடங்கு. டொமிஷியன் பேரரசர் முதலாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய கிடங்கு. அதில் குவிந்த மிளகு எங்கிருந்து போனது? சேரர் துறைமுகமான முசிறியில் இருந்து கப்பலேறி, செங்கடல் கடந்து, பாலைவனத்தில் ஒட்டகம் ஏறி, நைல் நதி வழியே அலெக்சாந்திரியா சேர்ந்து, அங்கிருந்து மறுபடியும் கப்பல். யவனர் கலங்கள் முசிறிக்கு வந்ததை அகநானூறு பேசுகிறது. முசிறிச் சரக்குக்காக எழுதிய இரண்டாம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம் ஒன்று பாப்பிரஸ் தாளில் கிடைத்து வியன்னாவில் இருக்கிறது. இந்தியச் சரக்குக்கு ரோமின் பணம் போய்க்கொண்டே இருக்கிறது என்று பிளினி அந்தக் காலத்திலேயே குறைப்பட்டு எழுதி வைத்தார். வகுப்பறையில் பல ஆண்டு சொல்லிக் கொடுத்த பாடம். அதன் மறுமுனையில் அவர் நின்றது அன்றுதான். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அன்று மதியம் பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் போட்ட ரோமாபுரி நூடுல்ஸ் தட்டு வந்தபோது, மிளகு காரம் அதிகம் என்று பேத்தி சொன்னாள். அப்பாவுக்கு ஒரே சிரிப்பு.

சோறு இல்லாமல் இருக்க முடியாதவர்களுக்கு விட்டோரியோ சதுக்கத்தின் பக்கம் எஸ்குலினோ சந்தை இருக்கிறது. கறிவேப்பிலையில் இருந்து பச்சை மிளகாய் வரை கிடைக்கும். சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு போதும்.

வியாழன் வத்திக்கான் அருங்காட்சியகம். எல்லாக் கூடங்களையும் தாண்டிக் கடைசியில்தான் சிஸ்டைன் சிற்றாலயம் வரும். அதன் கூரையை மைக்கலேஞ்சலோ 1508 முதல் 1512 வரை தீட்டினார். வழியில் உள்ளவற்றை எல்லாம் நின்று பார்த்தால் கூரையைப் பார்க்கும்போது கழுத்து நிமிராது. அங்கே சக்கர நாற்காலி இரவல் கொடுக்கிறார்கள். அம்மா முதலில் மறுத்தார். பேத்தி தள்ளுவதாகச் சொன்னதும் உட்கார்ந்தார். கூரையை அண்ணாந்து பார்க்க அதைவிட நல்ல இருக்கை வேறில்லை.

ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். பாந்தியனின் குவிமாடம் 43 மீட்டர் அகலம், உச்சியில் திறந்த வட்டத் துவாரம். பெந்தெகொஸ்தே திருநாளன்று அந்தத் துவாரத்தின் வழியே ரோஜா இதழ்களைக் கொட்டுவார்கள். அந்த ஆண்டு அது ஜூன் 8. இவர்களுக்கு விமானம் ஜூன் 7. மகள் இதைக் கண்டுபிடித்தபோது டிக்கெட் மாற்ற வழியில்லை. பள்ளியும் திறக்கப் போகிறது. கிழமை பார்த்த அப்பா திருநாளைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலியாக இருந்தது. அந்தக் காலிக் கட்டத்தில்தான் மருமகனுக்குப் புளோரன்ஸ் கிடைத்தது. தனியாகக் காலை ரயிலில் போய்த் தாவீதைப் பார்த்துவிட்டு இரவு திரும்பினார். மகளும் பேத்தியும் ஒன்பது மணிக்குப் பொர்கேசே. எல்லோரும் எல்லாவற்றையும் சேர்ந்தேதான் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அன்று எந்த டிக்கெட்டும் இல்லை. முதல் நாள் இரவு அம்மா கேட்டார்: “நாளைக்கு ஒண்ணும் இல்லைன்னா, அந்தச் சிலைய இன்னொரு தடவை பார்த்துட்டு வரலாமா?”

ஆறு மணிக்கு இருவரும் நடந்தார்கள். சதுக்கத்தில் நூறு பேர்கூட இல்லை. கதவு திறந்ததும் உள்ளே போனவர்கள் பலர் நேரே நடுப்பீடத்தை நோக்கி நடந்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் ஏழெட்டுப் பேர்தான். அம்மா முன் வரிசையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் மணி, இருபது நிமிடம். அப்பா பட்டையில் உள்ள எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

மாதாவின் வலது கை மகனின் உடலைத் தாங்கியிருக்கிறது. இடது கை யாரையும் தொடாமல், உள்ளங்கை மேலே பார்க்க விரிந்திருக்கிறது.

“எங்கம்மா வச்சிருந்த படத்துல இந்தக் கை இருந்த மூலையைக் கரையான் தின்னிருந்துச்சு,” என்றார் அம்மா. “அந்தக் கையிலயும் மகனைத்தான் பிடிச்சிருக்காங்கன்னு நெனச்சிருந்தேன்.”

வெளியே வந்து ஒரு கடையில் நின்றபடியே காபி குடித்தார்கள். உட்கார்ந்து குடித்தால் விலை கூடும் என்று அதற்குள் அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. மணி எட்டரை. அன்று அவர்கள் வேறெங்கும் போகவில்லை.